பழைய அவுட்போர்டு மோட்டார் திணறினால் எங்கிருந்து தொடங்குவது

அவுட்போர்டு என்றால் படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் மோட்டார். என்னுடையது இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். ஐடிலில் ஒழுங்காக ஓடும், வேகம் கூட்டினால் திணறி அணைந்துவிடும். இப்படி ஆனால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். அது மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராது.

அப்புறம், மோட்டார் திணறும்போதே ஒருவரைவிட்டு பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை (கையால் அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளும் உருண்டை) அமுக்கச் சொல்லுங்கள். உடனே வேகம் பிடித்தால் கோளாறு எரிபொருள் வரும் வழியில்தான்: பெட்ரோல் பம்பின் டயாப்ரம் (உள்ளேயுள்ள மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது ஹோஸ் இணைப்பில் காற்று புகுகிறது. எனக்கு டயாப்ரம்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழைக் கீறல்.

பல்பை அமுக்கியும் மாற்றமில்லையா? இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை. புது பிளக் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகத்தான் கார்புரேட்டர். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் அதன் ஜெட்டில் (பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) பிசினாகப் படிந்துவிடும். கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய நைலான் தூண்டில் நரம்பால் துளையைத் துடையுங்கள். கம்பி வேண்டவே வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

சரி, இதையெல்லாம் தண்ணீர் இல்லாமல் ஓட்டிச் சோதிக்காதீர்கள். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) சீக்கிரமே கருகிவிடும்.