ஏசி காற்றின் திசை மாறவில்லையா? ஃபிளாப் மோட்டாரைச் சோதிக்கும் முறை

கார் ஏசியில் முகத்துக்கு வர வேண்டிய காற்று காலுக்கே போகிறது. திசையை மாற்றினால் டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்ற சத்தம். காற்றின் வழியைத் திருப்பும் சிறு கதவுதான் ஃபிளாப்; அதை நகர்த்துவது ஒரு சின்ன மோட்டார். உடனே புது மோட்டார் வாங்கிவிட வேண்டாம். மாட்டிக்கொண்டு நகராத ஃபிளாப்பும், தளர்ந்த கனெக்டரும் இதே தொல்லையைத் தரும்.

முதலில் காதால் சோதியுங்கள். இக்னிஷனைப் போட்டு, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து, காற்றின் திசையை மாற்றுங்கள். விடாத 'டக் டக்' என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பல் உடைந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வராமல் இருக்கலாம், அல்லது மோட்டார் எரிந்திருக்கலாம்.

அடுத்து இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பக்கத்தில் ஏர்பேக் வயர்கள் இருக்கலாம்; மஞ்சள் கனெக்டர்களைத் தொடவே கூடாது. பிறகு மோட்டாரின் கனெக்டரையும் திருகுகளையும் கழற்றி எடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை. மோட்டார் இல்லாத நிலையில் ஃபிளாப்பின் அச்சை விரலால் திருப்புங்கள். இரு முனைக்கும் தடையில்லாமல் போக வேண்டும். இறுகியிருந்தால் எத்தனை மோட்டார் மாற்றினாலும் பயனில்லை. பலர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

ஃபிளாப் சரியா? மோட்டாருக்கு வாருங்கள். ஐந்து பின் (கனெக்டர் மாட்டும் உலோக ஊசி) உள்ள வகையில் பொதுவாக இரண்டு பின்கள் மோட்டாருக்கு; மற்ற மூன்றும் அச்சின் நிலையை அறியும் பொட்டென்ஷியோமீட்டருக்கு (அச்சு சுழலச் சுழல மின்தடை மாறும் பகுதி). எது எது என்பதை உங்கள் காரின் வயரிங் வரைபடத்தில் பாருங்கள். ஊகித்து மின்சாரம் கொடுத்தால் நல்ல பொட்டென்ஷியோமீட்டரும் கருகிவிடும். மோட்டார் பின்களில் 9 வோல்ட் பேட்டரியைச் சில நொடிகள் மட்டும் இணையுங்கள். அச்சு சுழல வேண்டும். பேட்டரி முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழல வேண்டும். முனையை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

அச்சு நகரும்போது, பொட்டென்ஷியோமீட்டரின் நடு இணைப்புக்கும் ஓர் ஓர இணைப்புக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். அது சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். திடீரென்று தாவினாலோ அறுந்தாலோ அதன் தடம் தேய்ந்துவிட்டது.

உள்ளே சிப் உள்ள வகைகளுக்கும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கும் (படிப்படியாகச் சுழலும் வகை) இந்தப் பேட்டரிச் சோதனை பொருந்தாது. அவற்றுக்குக் காரின் கணினியோடு இணைத்துப் பழுதைப் படிக்கும் ஸ்கேன் கருவிதான் வழி.

இரண்டு சோதனையிலும் மோட்டார் தேறினால் வயரையும் ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சந்தேகியுங்கள். மோட்டாரைத் திரும்பப் பொருத்தும் முன் இக்னிஷனைப் போடாதீர்கள். வெறுமனே சுழன்று நிலை மாறிவிட்டால் அச்சும் ஃபிளாப்பும் பொருந்தாது. பொருத்தியபின் கையேட்டில் உள்ளபடி நிலையை மறுபடி பதிவு செய்யுங்கள்.