தெலோனியஸ் மங்க்கைக் கேட்கத் தொடங்குவது எப்படி? ஒரு மெட்டு, நான்கு பதிவுகள்

ஜாஸ் கேட்க ஆசைப்படுகிறவரிடம் பத்து ஆல்பங்களின் பட்டியலை நீட்டுவது வழக்கம். பியானோ மேதை தெலோனியஸ் மங்க் விஷயத்தில் அது உதவாது. அவர் அமைத்த மெட்டுகள் சுமார் எழுபதுதான். அவற்றையே வாழ்நாள் முழுக்க வெவ்வேறு கலைஞர்களோடு திரும்பத் திரும்ப வாசித்தார். ஆகவே ஒரு மெட்டைப் பிடித்துக்கொள்வோம்: 'ரூபி, மை டியர்'.

ஹெட்போன் அவசியம், போன் ஸ்பீக்கரில் பாஸ் என்ற தாழ்சுர வாத்தியம் காதிலேயே விழாது. செயலிகள் காட்டும் ஆண்டையும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெளியான ஆண்டு, பதிவான ஆண்டு அல்ல.

படி 1: 1947-இல் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவானதைத் தேடுங்கள். பாஸில் ஜீன் ரேமி, டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. மூன்று நிமிடம்தான் ஓடும். ஒரு பகுதி இரண்டு முறை வரும், அடுத்து வேறொரு பகுதி, பிறகு பழையதே மீண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எட்டு முறை நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள். முதல் பகுதியை முணுமுணுக்க வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: 1957 ஜூனில் பதிவான 'மங்க்ஸ் மியூசிக்' ஆல்பம். இங்கே மெட்டு கோல்மன் ஹாக்கின்ஸின் டெனர் சாக்ஸபோனுக்குப் போகிறது. 1944-இல் மங்க்கை முதன்முதலாக ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனவர் இவர். கனத்த, மூச்சு நிறைந்த நாதம். ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி அனுபவிக்கிறார்.

படி 3: அதே ஆண்டு, அதே மெட்டு, ஆனால் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்ட கையோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மங்க்குடன் வாசிக்க வந்தவர். இந்தப் பதிவு 1961-இல்தான் வெளியானது. நாதம் மெலிந்து கூர்மையாகிறது. ஹாக்கின்ஸ் காத்திருந்த இடங்களில் இவர் சுரங்களைக் கொட்டுகிறார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு சாக்ஸபோனை விட்டுவிட்டுப் பின்னால் பியானோ செய்வதை மட்டும் கவனியுங்கள். என் கணக்கில் இந்தப் பயிற்சி முழுவதும் இந்த ஒரு படிக்காகத்தான்.

படி 4: 1959, சான் பிரான்சிஸ்கோ, தனிப் பியானோ. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மங்க் ஒருசேர அழுத்துவது கைதவறல்ல, வேண்டுமென்றே செய்வது.

இதற்குள் காது பழகியிருக்கும். 'மங்க்ஸ் மியூசிக்'கிலேயே 'வெல், யூ நீடின்ட்' மெட்டைக் கேளுங்கள். இதில் கோல்ட்ரேனும் வாசிக்கிறார். தன் தனி வாசிப்பு முடியும்போது மங்க் "கோல்ட்ரேன்! கோல்ட்ரேன்!" என்று கத்துவது அப்படியே பதிவாகியிருக்கிறது. அடுத்து இருவரும் சேர்ந்த கார்னகி ஹால் கச்சேரி: 1957 நவம்பரில் ஒலிப்பதிவாகி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து, 2005-இல் கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் 1962 முதல் கொலம்பியா நிறுவனத்துக்குச் செய்த பதிவுகள். சாக்ஸபோனில் சார்லி ரவுஸ். மங்க்குடன் நீண்ட காலம் நிலைத்தவர், பேர் மட்டும் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை.

'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' ஆல்பத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதன் தலைப்பு மெட்டை 1956-இல் சன்னி ரோலின்ஸ், மாக்ஸ் ரோச் போன்ற தேர்ந்த கலைஞர்களே முழுதாக ஒருமுறை வாசித்து முடிக்க முடியாமல், பல முயற்சிகளிலிருந்து வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டார்கள்.