எஸ்பி-சி பட்டை தெரியாததற்குக் காரணம்

மலேசியாவின் பீடோங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் ஆய்வுக்கூடத்தில், எலி நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் எஸ்பி-சி என்ற புரதத்தை (நுரையீரல் காற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் படலத்தில் இருப்பது) தேடிக்கொண்டிருந்தேன். புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, மெம்பிரேனில் ஏற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டையே வரவில்லை.

பட்டையைத் தெரியவைக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை மாற்றினேன். முதிர்ந்த எஸ்பி-சி சுமார் 4 கிலோடால்டன்தான் (புரத எடையின் அலகு), மெம்பிரேனின் பெரிய துளையில் நழுவிவிடும் என்று 0.2 மைக்ரோமீட்டர் துளை மெம்பிரேன் போட்டேன். புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியைக் கூடுதலாகச் சேர்த்தும் பார்த்தாயிற்று. வெறும் வெள்ளை. வேறு வாங்கலாமென்றால் பீடோங் வரை ஐஸில் வந்து சேர வாரக்கணக்காகும்.

அப்புறம்தான் முதல் ஆன்டிபாடியின் தகவல் தாளில் பொடி எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. குழாயின் மேல் 'எஸ்பி-சி' என்று மட்டும் இருந்தாலும், ஆன்டிபாடி தயாரானது எஸ்பி-சி முதிர்வதற்கு முந்தைய, நீளமான முன்னோடிப் புரதத்தின் N-முனைத் (அமினோ முனை) துண்டுக்கு எதிராக. அந்தத் துண்டை இரண்டாம் வகை நுரையீரல் செல் உள்ளேயே வெட்டிவிடும். வெளியே சுரப்பது முதிர்ந்த புரதம் மட்டும். கழுவிய நீரில் இந்த ஆன்டிபாடி பிடிக்க எதுவுமே கிடையாது!

சரி என்று நுரையீரல் திசுவையே அரைத்து ஓட்டினேன். சுமார் 21 கிலோடால்டனில், வெட்டுப்படாத முன்னோடியின் பட்டை பளிச்சென்று. பெரிய நிம்மதி. கழுவிய நீருக்கு இப்போது இன்னொரு சர்ஃபக்டன்ட் புரதமான எஸ்பி-பியின் முதிர்ந்த வடிவத்துக்கான ஆன்டிபாடி. புரதங்களை இணைக்கும் கந்தகப் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலைச் சேர்க்காமல் ஓட்டுவதால், அது இரண்டு மூலக்கூறு சேர்ந்த இரட்டையாகவே 18 கிலோடால்டன் அருகே நிற்கிறது.