சிங்கப்பூர் சைனாடவுனில் மலிவாகச் சாப்பிட: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வரும் தமிழர்களில் நிறையப் பேர் எப்படியும் சைனாடவுனுக்கு வந்துவிடுகிறார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கும்பிட்டு முடித்து, பக்கத்துத் தெருவில் சாவிக்கொத்தும் டி-ஷர்ட்டும் வாங்கி, பசித்ததும் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடுகிறார்கள். தோசையும் பிரியாணியும் எங்கேயும் ஓடிவிடாது. கோயிலிலிருந்து சில நிமிட நடையில், ஸ்மித் ஸ்ட்ரீட்டில், நாட்டிலேயே பெரிய ஹாக்கர் சென்டர், அதாவது சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் கூடிய இடம், இருக்கிறது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். இரண்டாவது தளத்தில் 200க்கு மேல் சாப்பாட்டுக் கடைகள். அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு ஹாக்கர் சென்டரான மேக்ஸ்வெல். இரண்டிலும் நாலைந்து வெள்ளிக்கு ஒருவர் வயிறு நிறையச் சாப்பிடலாம் (டாலரை இங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வோம்). இந்த இடத்தைச் சாப்பிடாமல் கடந்துபோவதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் தவறு.

வாசலில் கூப்பிடுகிற கடைக்குள் நுழைவது

தெருவில் நடக்கும்போது படம் போட்ட மெனுவை நீட்டி உள்ளே அழைக்கும் உணவகங்கள் உண்டு. உட்கார்ந்ததும் மேசையில் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் வரும். பல இடங்களில் இரண்டுக்கும் காசு. வேண்டாம் என்று அப்போதே சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதன்மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நண்டு, மீன் பக்கத்தில் ‘சந்தை விலை’ என்றோ 100 கிராமுக்கு இவ்வளவு என்றோ போட்டிருந்தால், மொத்தம் எவ்வளவு வரும் என்று சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். ஹாக்கர் சென்டரில் இந்தத் தொல்லையே கிடையாது. பலகையில் போட்ட விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை.

இன்னொன்று. பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் ஸ்மித் ஸ்ட்ரீட்டில் கூரை போட்ட ‘சைனாடவுன் ஃபுட் ஸ்ட்ரீட்’ பற்றி எழுதியிருக்கும். அது 2021இல் மூடப்பட்டுவிட்டது. தேடி அலைய வேண்டாம்.

ஒரே கடையில் எல்லாவற்றையும் கேட்பது

நம்மூர் ஹோட்டலில் ஒரே மேசையில் இட்லி முதல் நூடுல்ஸ் வரை கிடைக்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் குழம்பிப்போவீர்கள். ஹாக்கர் கடை என்பது சின்ன அடுப்படி. ஒருவரோ இருவரோ நின்று சமைப்பார்கள். கஞ்சிக் கடையில் கஞ்சி, வாத்துக் கடையில் வாத்து, அவ்வளவுதான். ஒரே பண்டத்தை இருபது, முப்பது வருடமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைவாக இருந்தும் ருசி நன்றாக இருப்பதற்கு இது பெரிய காரணம். பலகையில் நாற்பது பண்டம் எழுதியிருக்கும் கடையைவிட, நாலே நாலு எழுதியிருக்கும் கடைதான் என் தேர்வு.

ஆகவே கடையைத் தேடாதீர்கள், முதலில் பண்டத்தை முடிவு செய்யுங்கள். நாலு பேர் போனால் ஒருவர் மேசையைப் பிடித்து உட்காரட்டும், மற்ற மூவரும் ஆளுக்கொரு வரிசையில் நின்று வாங்கி வரட்டும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அது மறந்துபோன பொருள் அல்ல, அந்த இடம் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. நகர்த்திவிட்டு உட்காருவதை யாரும் ரசிக்க மாட்டார்கள். கடைகளில் டிஷ்யூ தருவது அரிது என்பதால் நீங்களும் ஒன்று வைத்திருங்கள். சில்லறை நோட்டும் வைத்திருங்கள். வெளிநாட்டு அட்டையைப் பல சிறு கடைகள் வாங்குவதில்லை.

காரத்தைத் தேடுவது

இதுதான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். கோபி மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் இந்தியாவில் பிறந்த சீனச் சாப்பாடு. சிங்கப்பூர்ச் சீனர்களின் முன்னோர் தென்சீனக் கரையோரத்திலிருந்து வந்தவர்கள். ஹொக்கியன், தியோச்சியூ, கன்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சமையல். சைனாடவுனின் கிரேத்தா ஆயர் பக்கத்தில் அதிகம் குடியேறியவர்கள் கன்டோனீஸ்காரர்கள். அதனால்தான் இங்கே கஞ்சி, சூப், தீயில் வாட்டிய இறைச்சி, மண்சட்டிச் சோறு எல்லாம் தூக்கலாக இருக்கும். உடம்பு சரியில்லாதபோதும், மழை பெய்யும்போதும், மனசு சோர்ந்த நாளிலும் இவர்கள் தேடுவது இந்த மென்மையான சாப்பாட்டைத்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ‘சப்பென்று இருக்கிறதே’ என்று தள்ளிவைத்துவிடாதீர்கள்.

கன்டோனீஸ் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மணியே தெரியாத அளவுக்கு வெந்து, கரண்டியில் பட்டுப்போல வழியும். உள்ளே மீன் துண்டோ, பன்றி இறைச்சியோ, பதப்படுத்திக் கறுத்த ‘நூற்றாண்டு முட்டை’யோ இருக்கும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும். தியோச்சியூ கஞ்சி வேறு மாதிரி. அரிசி மணி மணியாக நீரில் கிடக்கும், உப்புக் காய்கறி, பொரித்த மீன், முட்டை என்று தொட்டுக்கொள்ள வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பழைய கஞ்சியும் கருவாடும் பிடித்தவர்களுக்கு இது ஒரே நாளில் சொந்தமாகிவிடும். முதல் வகையில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு விலை, இரண்டாவதில் எடுக்கும் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஹைனானீஸ் கோழிச்சோறு பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கோழி சூடாக இருக்காது, எலும்போரம் சிலசமயம் இளஞ்சிவப்பாக இருக்கும். பழையது, வேகாதது என்று பயப்பட வேண்டாம். கோழியைக் கொதி அடங்கிய நீரில் மெல்ல வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு எடுப்பார்கள். சதை மிருதுவாக நிற்பதும் தோல் இறுகுவதும் அதனால்தான். உண்மையான கைவண்ணம் சோற்றில் இருக்கிறது. கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு, வாசனைக்குப் பாண்டான் இலை சேர்த்து, கோழி வெந்த நீரில் வேகவைத்த சோறு அது. மிளகாய்ச் சட்னியையும் இஞ்சியையும் கோழியோடு தொட்டுச் சாப்பிடுங்கள். காரம் வேண்டியவர்களுக்கு அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

உண்மையிலேயே உறைக்க வேண்டும் என்றால் மாலா இருக்கிறது. சீனாவிலிருந்து அண்மைக் காலத்தில் வந்தவர்களோடு பரவிய சிச்சுவான் வகை. காய்கறி, காளான், இறைச்சியை நீங்களே கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் எடைபோட்டு வதக்கித் தருவார்கள். இதில் செய்யும் தவறு, கிண்ணத்தை ஆசையாக நிரப்புவது. 100 கிராம் கணக்கில் விலை ஏறி, ஒரு கோழிச்சோற்றின் மூன்று மடங்கு ஆகிவிடும். காரமும் வெறும் மிளகாய்க் காரம் அல்ல, நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு. ஆந்திரக் காரம் தாங்குகிறவர்களும் முதல் தடவை ‘சியாவ் லா’, அதாவது குறைந்த காரம், என்று சொல்வது நல்லது.

பசியோடு போய் மண்சட்டிச் சோறு கேட்பது

கரி அடுப்பில், கேட்டபிறகு அரிசி போட்டுச் சமைப்பது இது. அரை மணி நேரம் சாதாரணமாக ஆகும், கூட்டம் இருந்தால் மேலும் ஆகும். வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் ஒரு சூப்போ கீரையோ சாப்பிடுங்கள். சட்டி வந்ததும் கறுப்பு சோயா சாஸை ஊற்றி, கோழியும் சீன சாசேஜும் சோறோடு கலக்கும்படி கிளறுங்கள். அடிப்பிடித்த மொறுமொறுப்பை உடனே சுரண்டாமல் கடைசிக்கு விடுங்கள், சட்டியின் சூட்டில் அது இன்னும் மொறுமொறுப்பாகும். கன்டோனீஸ் குடும்பங்களில் அந்த அடிச்சோற்றுக்குப் போட்டி நடக்கும்.

நட்சத்திரத்தை மட்டும் துரத்துவது

2016இல் வெளிவந்த, நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டியின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு, இதே சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சான் ஹோன் மெங் நடத்திய சோயா சாஸ் கோழிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் தந்தது. அப்போது ஒரு தட்டு சுமார் 2 வெள்ளி. உலகின் மிக மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று செய்தி பரவி, வரிசை மணிக்கணக்கில் நீண்டது. 2021இல் அந்த நட்சத்திரம் பட்டியலிலிருந்து போய்விட்டது, ஆனால் பழைய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. கடை கடையாகப் பெயர் எழுதிக்கொண்டு போவதைவிட, மதிய நேரத்தில் பக்கத்து அலுவலக ஊழியர்களும் அந்த வட்டாரத்து முதியவர்களும் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் நேரம். காலையிலேயே திறந்து மதியம் 2 மணிக்குச் சரக்கு தீர்ந்து மூடும் கடைகள் ஏராளம். திங்கள், செவ்வாயில் விடுமுறை விடுபவர்களும் உண்டு. சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்களில் தட்டிகள் இறங்கியே கிடக்கும். ஆண்டில் சில முறை பெருந்துப்புரவுக்காக ஹாக்கர் சென்டர் முழுவதையும் மூடுவார்கள், அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடும். காலை 11 மணிக்குப் போய்விடுங்கள், பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும், மதியக் கூட்டமும் வந்திருக்காது.

காய்கறி என்றால் சைவம் என்று நம்புவது

இதைச் சைவர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும், மிளகாய்ச் சம்பலில் இறால் விழுது இருக்கும், தெளிந்த சூப்பில் எலும்புச்சாறு இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மேலே தெரியும் துண்டுகளை மட்டும் விட்டுவிடுவார்கள். ஏமாற்றும் எண்ணம் கிடையாது, அவர்கள் புரிந்துகொள்வது அப்படி. ‘素’ என்ற எழுத்துப் போட்ட பௌத்த சைவக் கடைகளைத் தேடுங்கள். பொதுவாக வெங்காயம், பூண்டுகூட அங்கே சேர்ப்பதில்லை, முட்டை பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாட்களில் பௌத்தர்களும் தாவோயிஸ்டுகளும் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு வரிசை நீளமாக இருக்கும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வறுத்த குவே தியாவ் நூடுல்ஸைப் பழைய முறையில் பன்றிக்கொழுப்பில்தான் செய்வார்கள். கண்ணுக்குத் தெரியாது. முஸ்லிம் நண்பர்கள் ஹலால் சான்றிதழ் தொங்கும் கடையில் மட்டும் வாங்குவதே சரி.

கோப்பியும் தட்டும்

‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் திக்காக, இனிப்பாக வரும். பாலில்லாமல் வேண்டுமானால் கோப்பி-ஓ, இனிப்பைக் குறைக்க ‘சியூ தாய்’, சீனியே வேண்டாமென்றால் ‘கோசோங்’. கடைக்காரரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுப் போவது 2021 செப்டம்பரிலிருந்து சட்டப்படி குற்றம். முதல் தடவை எழுத்து மூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். எலும்பு, டிஷ்யூ எல்லாவற்றையும் தட்டில் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என இரண்டு அடுக்குகள் இருக்கும். எழுதியிருப்பதைப் பார்த்து, சரியான அடுக்கில் வையுங்கள்.