ஏற்காடு ஏறி இறங்குற தினசரி காருக்கு நல்ல கிரிப் டயர் எப்படி பாத்து வாங்குறது

சேலத்துல கார் வச்சிருக்கிறவங்க பாடு கொஞ்சம் தனிங்க. வாரம் பூரா அஸ்தம்பட்டி, அஞ்சு ரோடுன்னு டிராஃபிக்ல ஊர்றோம், லீவு வந்தா ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு, நடுவுல பெங்களூரோ கோயம்புத்தூரோ ஹைவேல ஒரு ஓட்டம், இது மூணுக்கும் அதே நாலு டயர்தான். கம்பெனில வர்ற டயரு பெரும்பாலும் மைலேஜை மனசுல வச்சு போட்டது, அது தேஞ்சதும் பெர்ஃபாமன்ஸ் டயர், அதாவது கிரிப்பை மனசுல வச்சு செஞ்ச டயர், போடலாம்னு தோணுறது நியாயம். ஆனா உடனே அகல டயர், பெரிய அலாய் வீல்னு போகாதீங்க, சைஸை அப்படியே விட்டுட்டு நல்ல ரப்பருக்கு செலவு பண்ணுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி பழைய டயரை ஒரு தடவை நல்லா பாருங்க. ஸ்டீயரிங்கை ஃபுல்லா ஒடிச்சு வச்சுட்டு முன் டயர் மேல உள்ளங்கையை உள்பக்கமிருந்து வெளிய ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ள ஒரு தடவை தேச்சுப் பாருங்க, ஒரு பக்கமா தேய்க்கிறப்ப வழுவழுன்னும் இன்னொரு பக்கமா தேய்க்கிறப்ப ரம்பம் மாதிரி கீறுற மாதிரியும் இருந்தா வீல் அலைன்மென்ட் போயிருச்சு, அதை சரி பண்ணாம எந்த டயர் போட்டாலும் தண்டம். ரெண்டு ஓரமும் மொட்டையாகி நடு மட்டும் நல்லா இருந்தா காத்து கம்மியா ஓட்டிருக்கீங்க. வெளி ஓரம் மட்டும் உரிஞ்சு போயிருந்தா பெரும்பாலும் வளைவுல வேகமா திருப்புற கைதான் காரணம், உங்களுக்குத்தான் சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், கெட்டியான டயர் நெசமாவே தேவை. காடிக்குள்ள இருக்கிற சின்ன மேடு அளவுக்கு பட்டன் வந்துருச்சுன்னா 1.6 மில்லிமீட்டர், அதுக்கப்புறமும் ஓட்டுறது சட்டப்படியும் தப்பு.

சைஸ் விஷயம். 185/65 ஆர்15 88எச்னு போட்டிருந்தா அகலம் 185 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச், 88ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச்ன்னா மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இந்த கடைசி ரெண்டும் பழசை விட கம்மியா போகவே கூடாது. பெரிய ரிம் போட்டே ஆகணும்னா மொத்த உயரம் மாறாம பாருங்க, 195/55 ஆர்16 போட்டா ரெண்டும் கிட்டத்தட்ட 621 மில்லிமீட்டர்தான், பலேனோவுல மாடலைப் பொறுத்து இந்த ரெண்டு சைஸும் வருது. அதுவே 205/65 ஆர்15 போட்டா 4 சதவீதம் ஒசந்துரும், ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டும், ஸ்டீயரிங் ஒடிக்கிறப்ப ஃபெண்டர்ல ஒரசவும் செய்யலாம். சைடுவால் குட்டையாக ஆக நம்மூர் பள்ளத்துல அலாய் நெளியறதும் கூடும், அதை நெனச்சுட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்து ரப்பரு. இங்க எல்லாரும் காஞ்ச ரோடு கிரிப்பை மட்டும் பேசுறாங்க, ஏற்காட்டுல ஆளைக் கவுக்குறது ஈரம். கீழ வெயில் கொளுத்திட்டு இருக்கும், மேல மரநெழல்ல ரோடு காயாம கெடக்கும், அதுவும் கோடை மழை மொத தூத்தல் விழுந்ததும் தூசியும் எண்ணெயும் கலந்து வழவழன்னு ஆயிரும். அதனால வெட் கிரிப் நல்லா இருக்கிற டயரா கேளுங்க. சைடுல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருந்தா, கம்மின்னா சாஃப்ட், கிரிப் இருக்கும் ஆனா சீக்கிரம் தேயும், கூடன்னா உழைக்கும். அந்த நம்பரை கம்பெனியே டெஸ்ட் பண்ணி போட்டுக்குது, அதனால ஒரே கம்பெனிக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 மாதிரி அசல் ஸ்போர்ட் டயரெல்லாம் பெரும்பாலும் பெரிய ரிம்முக்குத்தான், 15 இஞ்ச் காருக்கு பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் யூசி6 ரகத்துல பாத்தா போதும், தினசரி ஆபீஸ் போற காருக்கு சத்தமும் கம்மி.

கடையில டயரை ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே டயர் தயாரிச்ச தேதி பாருங்க, 2325ன்னா 2025ல 23வது வாரம். இந்த நாலு நம்பர் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள்பக்கமா போயிருச்சுன்னா அப்புறம் கார் அடியில படுத்துதான் பாக்கணும். நாலும் ஒரே மாடலா போடுங்க. ரெண்டுதான் முடியும்னா புதுசு பின்னாடி, ஆமாங்க, முன்னாடி இழுக்கிற காரா இருந்தாலும் பின்னாடிதான், ஈரத்துல பின்பக்கம் வழுக்குனா சாதாரண ஆளால புடிக்க முடியாது. அவுட்சைடுன்னு எழுதுன பக்கம் வெளிய இருக்கான்னும் பாருங்க.

புது டயர்ல ஒரு 200, 300 கிலோமீட்டர் நிதானமா போங்க, டயரை வார்த்த மோல்டுல இருந்து வந்த வழவழப்பு போனப்புறம்தான் கிரிப் வரும், அது வரைக்கும் மலைப்பக்கம் வேணாம். காத்து கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கிற அளவு, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. மலையிலிருந்து எறங்குன சூட்டுல அடிவாரம் பங்க்ல பாத்தா கூடத்தான் காட்டும், ஐயோ ஜாஸ்தின்னு எறக்கி விட்றாதீங்க.