பூனையின் கண்: காத்திருக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா?

பூனையின் கண்ணில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் நம்மில் பலர் அது சிவந்திருக்கிறதா, பீளை தள்ளுகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பூனை அந்தக் கண்ணை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறதா, இடுக்கிக்கொண்டிருக்கிறதா? பூனை வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி. கண்ணில் எவ்வளவு வலி இருந்தாலும் அது கத்துவதில்லை. இமையைத்தான் இடுக்கும், வெளிச்சத்தைத் தவிர்த்துக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும். ஆகையால் இடுக்கிய கண்ணை வலிக்கிற கண் என்றே கொண்டு, அன்றைய தினமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூனையைப் பகல் வெளிச்சத்தில் திண்ணையில் மடிமேல் வைத்துக்கொண்டு, இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறதா, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் உள்ளனவா, கண்ணின் முன்பகுதி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறதா அல்லது நீலம் பூத்து மங்கியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெண்மையான மூன்றாவது இமை மேலேறி நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணில்தான் கோளாறு. இரண்டிலும் ஏறியிருந்தால் வயிற்றுப்போக்கு, குடற்புழு, நீர் வற்றுதல் போன்று உடலில் வேறெங்கோ நோய் இருக்கலாம்.

காலையில் கண் மூலையில் சிறிது பழுப்புப் பீளை காய்ந்திருப்பது இயல்பு. கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் ஆடி மாதத்தில், கடற்கரையை ஒட்டிய வீட்டுப் பூனைகளுக்குத் தெளிந்த நீர் வடிவதும் உண்டு. கண் நன்றாகத் திறந்திருந்து, மீன் அரியும் சத்தம் கேட்டதும் பூனை வழக்கம்போல ஓடி வருகிறது என்றால், 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு கொண்டு துடைத்தால் போதும். மறுநாளும் குறையவில்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிந்தாலும், கண் மங்கியிருந்தாலும், தும்மலோடு கண் ஒட்டிக்கொண்டாலும் அந்த 24 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தும்மலும் பீளையும் சேர்ந்து வருவது பெரும்பாலும் பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ் வைரஸ் போன்ற தொற்றினால். மூக்கடைத்துவிட்டால் பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் கண்முன் வைத்த மீனையும் அது தொடாது. மற்றப் பூனைகளிடமிருந்து அதைப் பிரித்து வையுங்கள். குட்டிகளில் நோய் விரைந்து முற்றும். பிறந்து இரண்டு வாரத்துக்குள், இன்னும் திறக்காத இமைக்குப் பின்னால் வீக்கம் தெரிந்தால் உள்ளே சீழ் கோத்திருக்கக்கூடும். அது தானே திறக்கட்டும் என்று விடலாகாது.

நம் இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் நான் மிகவும் அஞ்சுவது சீமைக்கருவேல முள்ளைத்தான். எங்கள் பூனைக்கு அந்த முள் கீறிக் கண் சிவந்தபோது, அம்மாவின் கண்புரை அறுவைக்குப் பின் மீந்திருந்த சொட்டு மருந்தை நானே அதற்கு விட்டேன். இரண்டு நாளில் சிவப்புக் குறைந்தது, குணமாகிவிட்டதென்று நம்பினேன். மூன்றாம் நாள் கண் நீலம் பாய்ந்திருந்தது, இறுதியில் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அம்மருந்தில் இருந்த ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் அடக்கிவிட்டு, கருவிழிமேல் இருந்த புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கிவிட்டது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். கண்ணில் சாயச் சொட்டு விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்த பின்பே எந்த மருந்து என்பதை முடிவு செய்ய முடியும். வீட்டில் மீந்த மருந்தையும், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றையும் பூனையின் கண்ணில் விடாதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் கொடுப்பது அதைக் கொன்றுவிடும்.

சில நிலைகளில் ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது. வண்டி மோதியோ நாய் கடித்தோ விழி வெளியே தள்ளியிருந்தால், உள்ளே அழுத்தாமல், சலைன் நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். தூண்டில் முள் குத்தியிருந்தால் பிடுங்காமல், அதில் கட்டிய தூண்டில் நரம்பை (நைலான் இழையை) மட்டும் சிறிது விட்டு அறுத்துவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்போ பினாயிலோ பட்டிருந்தால், முதலில் 15 முதல் 20 நிமிடம் வரை சுத்தமான நீரை விடாமல் ஊற்றிக் கழுவிய பிறகே புறப்பட வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று சுவரில் முட்டிக்கொண்டு, வெளிச்சத்திலும் கண்மணிகள் அகன்றபடியே இருந்தால், சிறுநீரக நோய் போன்றவற்றால் ஏறிய இரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். விரைந்து சிகிச்சை கிடைத்தால் சிலவற்றுக்குப் பார்வை திரும்புகிறது. கண்ணுக்குள் இரத்தம் தெரிந்தாலும், விழி பருத்து இறுகியிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

பாம்பனிலோ தொண்டியிலோ வாலிநோக்கத்திலோ இருந்து பயணம் நீளலாம் என்பதால், அருகிலுள்ள கால்நடை மருந்தகம் எந்த நேரம் திறந்திருக்கும் என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து, மேலே ஒரு துணி போர்த்தி எடுத்துச் செல்லலாம். வழியில் அது கண்ணைப் பிறாண்டாதபடி கழுத்தில் அட்டை வளையம் மாட்டிவிடுங்கள். எப்போது தொடங்கியது, என்ன மருந்து விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும், கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை விட்டு, குறித்த நாளில் மறுபடியும் காட்டிச் சாயச் சோதனையில் புண் ஆறியதை உறுதி செய்த பிறகே அந்த வளையத்தைக் கழற்றுங்கள்.