கோதுமை ஐபிஏ ருசிப்பவர்கள் செய்யும் தப்புகள்

ஜெர்மனியில் கோதுமையை வைத்து ஐபிஏ (ஹாப் என்ற பூவின் கசப்பும் மணமும் தூக்கலாக இருக்கும் பியர் வகை) பாணியில் தயாராகும் பியர் என்றதும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர், பவேரியாவின் கெல்ஹைம் ஊரில் தயாராகும் ஷ்னைடர் பியர் ஆலையின் ஹோப்ஃபன்வைஸே. 2007-இல் அங்கே புரூமாஸ்டராக (பியர் காய்ச்சும் தலைமை நிபுணர்) இருந்த ஹான்ஸ்-பீட்டர் ட்ரெக்ஸ்லரும், நியூயார்க்கின் புரூக்ளின் புரூவரியைச் சேர்ந்த காரெட் ஆலிவரும் சேர்ந்து உருவாக்கியது. அதன் ஆல்கஹால் அளவு 8.2 சதவீதம். இதைக் குடித்துவிட்டு “என்னமோ மாதிரி இருக்கு” என்கிறவர்களில் பாதிப் பேர், பியரை வாயில் வைக்கும் முன்பே தப்புச் செய்திருப்பார்கள்.

பெரிய தப்பு, இதை அமெரிக்க ஐபிஏவோடு ஒப்பிடுவது. சாத்துக்குடித் தோல், பைன் மரப் பிசின் வாசனையைத் தேடி மோந்து பார்க்கிறார்கள். வருவதோ பழுத்த வாழைப்பழமும் கிராம்பும்! பியர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. அந்த இரண்டு வாசனையும் பவேரியக் கோதுமை பியருக்கே உரிய ஈஸ்ட் தருபவை. வாழைப்பழத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற வேதிப்பொருள், கிராம்புக்கு 4-வினைல் குவாயகால். அதற்கு மேல்தான் ஹாப் வந்து உட்காருகிறது. அதிலும் கெல்ஹைமில் வாசனைக்குச் சேர்ப்பது ஹாலர்டாவ் பகுதியின் சஃபீர் என்ற ஹாப். மென்மையான ரகம், லேசாக எலுமிச்சையும் பூவும் மணக்கும். அமாரில்லோ மாதிரி ரகங்களைப் போட்டது இதே இருவர் கூட்டணி புரூக்ளினில் காய்ச்சிய ஜோடி பியரில். முதலில் ஈஸ்டின் மணத்தைப் பிடியுங்கள், அப்புறம் ஹாப்பைத் தேடுங்கள்.

அடுத்து, குளிர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் இந்த வாசனைகள் எதுவும் மேலே எழும்பாது. கசப்பும் ஆல்கஹாலும்தான் நாக்கில் தட்டும். 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும்.

ஊற்றுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அழுக்கு இல்லை, ஈஸ்ட். சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் முதலிலேயே பாட்டிலைக் குலுக்கி நுரையில் குளிக்கிறார்கள். கோதுமை பியருக்கென்றே இருக்கும் உயரமான வைஸன் கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, முக்கால்வாசியை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு வாய் குடியுங்கள். பிறகு மீதியைப் பாட்டிலோடு மெல்லச் சுழற்றி, வண்டலையும் சேர்த்து ஊற்றி மறுபடி குடியுங்கள். முதல் வாயில் ஹாப் கூர்மையாகத் தெரியும். இரண்டாவதில் பியர் கலங்கி, கசப்பின் முனை மழுங்கி, வாயில் கனம் கூடும். ஒரே பாட்டிலில் இரண்டு பியர் குடித்த மாதிரி. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

எலுமிச்சைத் துண்டு வேண்டாம். நுரையும் அடங்கிவிடும், சஃபீரின் மெல்லிய மணமும் அமுங்கிவிடும். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது.

அதிக ஆல்கஹால் இருக்கிறதே, பல வருடம் தாங்கும் என்று சேர்த்து வைப்பவர்களும் உண்டு. ஆல்கஹால் தாங்கும், ஹாப் மணம் தாங்காது. பாட்டிலில் இருக்கும் தேதியைப் பார்த்து, புதிதாக வாங்கி, வெளிச்சம் படாமல் வைத்துக் குடிப்பதே சரி.

அளவு இன்னொரு விஷயம். அரை லிட்டரில் 41 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 330 மில்லி சாதாரண 5 சதவீத பியரில் இருப்பது பதினாறரை மில்லிதான். கோதுமை பியர்தானே, லேசாக இருக்கும் என்று மடமடவென்று குடித்தால் எழுந்திருக்கும்போதுதான் தெரியும். பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். வண்டி ஓட்ட வேண்டியவர் கிளாஸையே தொட வேண்டாம்.

கூடவே காரமான வறுவல் வைத்துக்கொண்டால் கசப்பும் ஆல்கஹாலும் எரிச்சலை ஏற்றிவிடும். வறுத்த பன்றி இறைச்சியோ, நல்ல முற்றிய சீஸோ பொருந்தும்.